அப்பாவுக்குக் கல்லீரல் தர எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்

வடசென்னை கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 29. எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறார். கணவர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை, சிசேரியனில் பிறந்தது. திருவொற்றியூரில் இருக்கும் அப்பாவுக்கு 56 வயது. காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் பழுது பார்ப்பவர், குடிப்பழக்கம் இல்லாதவர். போன வருடம் கால் வீங்கி, வயிற்றில் நீர் கோத்தபோதுதான் ஹெபடைடிஸ் பி கிருமியால் கல்லீரல் சுருங்கிப்போயிருப்பது தெரிந்தது. இரண்டு முறை ஊசி போட்டு நீரை வெளியே எடுத்திருக்கிறார்கள். ஒருநாள் இரவு பேச்சு குழறி, பேத்தியையே அடையாளம் தெரியாமல் கிடந்தார். கல்லீரல் எவ்வளவு மோசமாகியிருக்கிறது என்று காட்டும் 'மெல்டு' மதிப்பெண் 21 என்று கூறி, மாற்று அறுவை சிகிச்சைக்குத் தயாராகச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்.

அப்பாவின் ரத்த வகை பி பாசிட்டிவ். அம்மா ஏ பாசிட்டிவ், சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர். அண்ணனுக்கு 33 வயது, 98 கிலோ, கல்லீரலில் கொழுப்பு. தம்பிக்கு 23 வயது, ஏசி மெக்கானிக், அப்பாவின் அதே ரத்த வகை. "கல்யாணம் ஆகாத பையன் உடம்புல கத்தி படக்கூடாது" என்று அம்மா சொல்லிவிட்டார். வாசகிக்கு ஓ பாசிட்டிவ். "எல்லாருக்கும் பொருந்துற ரத்தம், கொஞ்சூண்டுதான் எடுப்பாங்க, திரும்ப வளந்துடும்" என்று உறவுகள் முடிவே செய்துவிட்டன. கணவர் கையெழுத்துப் போட மறுக்கிறார். "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா புள்ளைய யாரு பாக்குறது?" என்று கேட்கிறார். இதற்கிடையே மின்ட் பக்கம் ஒருவர் 12 லட்சத்துக்கு ஆள் பிடித்துத் தருவதாகவும், காகிதங்களைத் தானே 'ரெடி' செய்துவிடுவதாகவும் சொல்லியிருக்கிறார். வீட்டை விற்றுவிடலாமா என்ற பேச்சும் ஓடுகிறது. இனி குழந்தை பெற முடியுமா, மூளைச்சாவு அடைந்தவரின் கல்லீரலுக்குக் காத்திருக்கலாமா, அப்பாவின் தட்டு டம்ளரைத் தனியாக வைத்திருப்பது சரிதானா என்றும் கேட்டிருக்கிறார். கடிதத்தின் அடியில், கையெழுத்துக்கும் கீழே ஒரு வரி: "எனக்குப் பயமா இருக்கு டாக்டர். வீட்ல யார்கிட்டயும் சொல்லல."

அன்புள்ள சகோதரி,

அந்தக் கடைசி வரிக்குத்தான் முதல் பதில். உங்களுக்கு நோய் இல்லை. நோயில்லாத உடம்போடு ஆபரேஷன் தியேட்டருக்குள் போகச் சொல்கிறார்கள். பயம் வராவிட்டால்தான் நான் கவலைப்படுவேன். பயம் இருப்பதால் அப்பா மேல் பாசம் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

என் நிலைப்பாட்டையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருக்கும் உறவினரிடமிருந்து கல்லீரலின் ஒரு பகுதியை எடுத்து வைக்கும் இந்தச் சிகிச்சையை மனதார ஆதரிக்கிறேன். இந்தியாவில் நடக்கும் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைகளில் நான்கில் மூன்று இப்படித்தான் நடக்கின்றன. இது இன்னும் பெருக வேண்டும், அரசு மருத்துவமனைகளில் பெருக வேண்டும், வடசென்னையில் படகு ஓட்டுகிறவர்களுக்கும் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் கைக்கு எட்ட வேண்டும். ஆனால் ஒரு வீட்டில் மறுத்துப் பேசத் தெரியாத ஒரு பெண்ணைச் சுற்றி மற்றவர்கள் நின்றுகொள்வதால் அது பெருகக் கூடாது. நம் நாட்டில் கல்லீரல் கொடுப்பவர்களில் பெண்களே அதிகம். மனைவிகளும் தாய்மார்களும் மகள்களும். பெற்றுக்கொள்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது இந்தக் கணக்கு எப்படி உருவாகிறது என்பது கண்ணெதிரே தெரிந்தது.

"கொஞ்சூண்டுதான் எடுப்பாங்க" என்ற பேச்சு

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. இந்தச் சிகிச்சை தொடங்கியதே குழந்தைகளுக்காகத்தான். 1989 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ரஸ்ஸல் ஸ்ட்ராங் என்ற அறுவை நிபுணர், ஜப்பானிலிருந்து வந்த ஒரு தாயின் கல்லீரலில் சிறு பகுதியை எடுத்து அவருடைய மகனுக்கு வைத்தார். அதுதான் முதல் வெற்றி. இந்தியாவில் 1998 நவம்பரில், டெல்லியில், பித்தநாளம் அடைபட்டுப் பிறந்த ஒரு குழந்தைக்கு அப்பா கொடுத்தார். அந்தக் குடும்பம் நம் காஞ்சிபுரத்துக் குடும்பம். அந்தக் குழந்தை வளர்ந்து, படித்து, இன்று தானே ஒரு டாக்டர். நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும் செய்தி இது.

ஆனால் குழந்தைக்கு வேண்டியது கல்லீரலின் இடது ஓரத்தில் நான்கில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். 56 வயது ஆணுக்கு அது போதாது. பெற்றுக்கொள்பவரின் உடல் எடையில் குறைந்தது 0.8 சதவீதம் எடையுள்ள கல்லீரல் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. உங்கள் அப்பா 62 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஏறத்தாழ 500 கிராம். நீங்கள் 52 கிலோ. உங்கள் கல்லீரல் சுமார் ஒரு கிலோ இருக்கும். அதில் வலது பகுதியை, அதாவது 60 முதல் 65 சதவீதம் வரை எடுக்க வேண்டியிருக்கும். உங்களுக்குள் குறைந்தது 30 சதவீதம் மிஞ்ச வேண்டும். பல நிபுணர்கள் 35 இருந்தால்தான் நிம்மதியாகக் கத்தியைக் கையில் எடுப்பார்கள். சிலருக்குப் பிறவியிலேயே வலது பகுதி பெரிதாகவும் இடது பகுதி சிறிதாகவும் இருக்கும். அப்படி இருந்தால் நீங்கள் முழு மனதோடு கேட்டாலும் உங்களிடமிருந்து எடுக்க மாட்டார்கள். இதை சி.டி. ஸ்கேன்தான் சொல்லும். ரத்த வகையை வைத்து உறவினர் யாரும் சொல்ல முடியாது.

திரும்ப வளரும் என்பது உண்மை. வெட்டிய பகுதி முளைக்காது. மிச்சமிருப்பது பருத்து அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும். சில வாரங்களில் ரத்தப் பரிசோதனைகள் சீராகிவிடும், மூன்று மாதத்தில் அளவும் பெரும்பாலும் திரும்பிவிடும். வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிடத் தேவையில்லை. பித்தப்பையை மட்டும் எடுத்துவிடுவார்கள், அதனால் பெரிய குறை வராது. ஒருமுறை கொடுத்தவர் மறுபடி கொடுக்க முடியாது.

உங்களுக்கு என்ன ஆபத்து

இதை மறைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. வலது பகுதியைக் கொடுத்தவர்களில் 200 முதல் 500 பேருக்கு ஒருவர் இறக்கிறார் என்பது உலக அளவில் எங்கள் துறை ஒப்புக்கொள்ளும் கணக்கு. நல்ல அனுபவமுள்ள மையங்களில் இது இன்னும் குறைவு, ஆனால் பூஜ்யம் கிடையாது. 2025 ஆகஸ்டில் புனேயில் கணவருக்குக் கல்லீரல் கொடுத்த மனைவி, கணவர் இறந்த சில நாட்களிலேயே தானும் இறந்துபோன செய்தியை நீங்களும் படித்திருக்கலாம். உங்கள் கணவர் நிச்சயம் படித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

உயிருக்கு ஆபத்தில்லாத சிக்கல்கள் இன்னும் அதிகம் பேருக்கு வரும். மூன்று அல்லது நான்கு பேரில் ஒருவருக்கு ஏதாவது ஒன்று: காயத்தில் சீழ், காய்ச்சல், பித்தநீர்க் கசிவு, நுரையீரலைச் சுற்றி நீர், பின்னாளில் தழும்பு வழியே குடல் இறக்கம். பெரும்பாலானவை மருந்திலோ ஒரு டியூப் வைப்பதிலோ சரியாகிவிடும். ஒரு சிலருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்படும்.

எல்லாம் நன்றாக நடந்தால் எப்படி இருக்கும் என்பதையும் கேளுங்கள். ஆபரேஷன் ஆறேழு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். மருத்துவமனையில் ஒரு வாரம் முதல் பத்து நாள். முதல் மூன்று நாள் வலி கடுமையாக இருக்கும். உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் திரும்பலாம். துணிக்கடையில் பில் போடுவது பாதி நேரம் நின்றபடி செய்யும் வேலைதானே, மூன்று மாதம் என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று மாதமும் கனமான எதையும் தூக்கக் கூடாது. நான்கு வயதுக் குழந்தை 15 கிலோ இருக்கும். தூக்கச் சொல்லி அது கை நீட்டும்போது நீங்கள் குனியக் கூடாது. கேட்கச் சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் கொடுத்த தாய்மார்கள் பலர் என்னிடம் சொல்லி அழுதது இதைத்தான்.

சிசேரியன் செய்திருப்பது தடை இல்லை. பிறகு குழந்தை பெறலாம். பொதுவாக ஒரு வருடம் கழித்து என்று சொல்வோம். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் கால் ரத்தநாளத்தில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும்.

இன்னொன்றும் உண்டு. அப்பாவும் நீங்களும் ஒரே நாளில் ஆபரேஷன் தியேட்டருக்குள் போவீர்கள். குடும்பம் மொத்தமும் அப்பாவின் ஐ.சி.யூ. வாசலில் நிற்கும், அது இயல்புதான். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் யார் இருப்பார்கள்? உங்களுக்கென்று ஒருவர், அந்தப் பத்து நாளும் வேறு எந்த வேலையும் இல்லாத ஒருவர் வேண்டும். அவர் யார் என்று பெயர் சொல்ல முடியாத வரை தேதி குறிக்கச் சம்மதிக்காதீர்கள்.

கணவரின் கையெழுத்து

1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி, சம்மதம் சொல்ல வேண்டியவர் உறுப்பைக் கொடுப்பவர் மட்டுமே. மகள் நெருங்கிய உறவு. உங்களுக்கு 18 வயது தாண்டிவிட்டது. கணவர் மறுத்தால் சட்டம் உங்களைத் தடுக்காது. 2022-ல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு இதேபோல் ஒரு வழக்கு வந்தது. அப்பாவுக்குச் சிறுநீரகம் கொடுக்க விரும்பிய மகளிடம் கணவரின் சம்மதத்தைக் கட்டாயமாகக் கேட்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் நடைமுறையில் பல மருத்துவமனைகள் கணவரை அழைத்துப் பேசும், கையெழுத்தும் கேட்கும். பெண் கொடையாளர் என்றால் அவர் தன் சுய விருப்பத்தில்தான் கொடுக்கிறாரா என்பதைக் கூடுதல் கவனத்தோடு உறுதிசெய்ய வேண்டும் என்று விதிகளே சொல்கின்றன.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதற்காக அவரை ஒதுக்கிவிட்டுப் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கேட்ட கேள்வி நியாயமானது; உங்கள் உடம்பைப் பற்றி அந்த வீட்டில் கேள்வி கேட்டது அவர் ஒருவர்தான் என்றும் தோன்றுகிறது. அவரை மாற்று சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். மேலே நான் சொன்ன எண்களை அங்குள்ள அறுவை நிபுணரின் வாயால் அவர் கேட்கட்டும். "உங்க மையத்துல இதுவரை எத்தனை பேர் கொடுத்திருக்காங்க, அதுல எத்தனை பேருக்குப் பிரச்சினை வந்துச்சு?" என்று அவரே கேட்கட்டும். இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கும் இடத்தில் கொடுக்காதீர்கள்.

ஏன் நீங்கள் மட்டும்?

ஓ வகை ரத்தம் எல்லோருக்கும் பொருந்தும் என்பது சரி. ஆனால் தம்பியின் பி வகையும் அப்பாவுக்கு அதே அளவு பொருந்தும். கல்லீரலுக்கு ரத்த வகை ஒத்துப்போனால் பெரும்பாலும் போதும். பாசிட்டிவ், நெகட்டிவ் பெரிய விஷயமில்லை, சிறுநீரகத்துக்குப் பார்ப்பதைப் போன்ற திசுப் பொருத்தமும் அவசியமில்லை. ஆகவே உங்களிடம்தான் பொருத்தம் இருக்கிறது என்ற பேச்சுக்கு மருத்துவ ஆதாரம் ஏதும் இல்லை.

அம்மாவின் மனதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. உழைக்கிற பிள்ளை, தழும்பு விழுந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்ற பயம் அவருக்கு. ஆனால் நீங்களும் உழைக்கிறீர்கள், உங்களை நம்பி ஒரு குழந்தையும் இருக்கிறது. நல்ல உடல்நிலையில் உள்ள 23 வயது ஆண் மூன்று நான்கு மாதத்தில் ஏணி ஏறி ஏசி மாட்டும் வேலைக்குத் திரும்பிவிடலாம். தம்பிதான் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்களை நெருக்குவது எவ்வளவு தவறோ அவரை நெருக்குவதும் அவ்வளவு தவறு. அவரிடம் இதுவரை யாரும் கேட்கவே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

அண்ணனுக்கு வருகிறேன். கல்லீரலில் கொழுப்பு என்றதும் அவர் பெயரை அடித்துவிட்டீர்கள். கொழுப்பு கரையக்கூடியது. கண்டிப்பான உணவு, தினமும் நடை, இரண்டு மூன்று மாதத்தில் எடை குறைப்பு என்று இருந்து, கொடுக்கத் தகுதி பெற்றவர்கள் நிறையப் பேர். அவர் குடிப்பதாகவும் கடிதத்தில் ஒரு வார்த்தை வருகிறது, அது அடியோடு நிற்க வேண்டும். 98 கிலோவிலிருந்து இறங்க அவருக்குக் காலம் பிடிக்கும், அப்பாவுக்கு அவ்வளவு அவகாசம் இருக்குமா என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இருந்தாலும் இன்றே தொடங்கட்டும். கொடுக்க முடியாமல் போனாலும் அவர் கல்லீரலுக்கு அது நல்லது.

அழுதுவிட்டுப் போனதாக நீங்கள் எழுதிய எண்ணூர் அத்தையையும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. கூடப்பிறந்தவர்கள் சட்டப்படி நெருங்கிய உறவு. 2011 திருத்தத்துக்குப் பிறகு தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் கூட அந்தப் பட்டியலில் உண்டு. அத்தை ஐம்பது வயதுக்குள், பெரிய நோய் எதுவும் இல்லாமல் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். உங்கள் தாய்மாமா முன்வந்தால் அவர் அப்பாவுக்கு நெருங்கிய உறவாக மாட்டார். ஆனால் இப்படிப்பட்ட தானங்களை விசாரித்து முடிவெடுக்கும் அங்கீகாரக் குழுவின் அனுமதி பெற்றுக் கொடுக்கலாம். ரத்த வகை பொருந்தாத இரண்டு குடும்பங்கள் ஒருவர் நோயாளிக்கு மற்றவர் கொடையாளர் என்று மாற்றிக்கொள்ளவும் அதே திருத்தம் வழி வைத்திருக்கிறது.

கதவுகள் இத்தனை இருக்கின்றன. எல்லாவற்றையும் தட்டிப் பார்த்த பிறகு, நன்றாகத் தெரிந்துகொண்டு, "நானே கொடுக்கிறேன்" என்று நீங்கள் சொன்னால் அந்த முடிவுக்கு நான் தலை வணங்குவேன். வேறு யாரிடமும் கேட்காமலே உங்கள் தலையில் ஏற்றப்பட்டதை உங்கள் முடிவு என்று ஏற்க எனக்கு மனம் இல்லை.

தனியாகப் பேசும் உரிமை

மாற்று சிகிச்சை மையத்துக்குப் போனதும், "நான் டாக்டர்கிட்ட தனியா பேசணும்" என்று கேளுங்கள். அம்மா, அண்ணன், கணவர் யாரும் அறைக்குள் வேண்டாம். அப்பாவுக்குச் சிகிச்சை தரும் குழுவில் இல்லாத ஒரு மருத்துவர் உங்களைப் பரிசோதிக்க வேண்டும். மனநல மருத்துவரும் பேசுவார். எனக்கு எழுதிய கடைசி வரியை அவரிடம் அப்படியே சொல்லுங்கள். மயக்க மருந்து கொடுக்கும் நிமிடம் வரை நீங்கள் வேண்டாம் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் நல்ல மையங்களில் குடும்பத்தாரிடம், "இவருடைய கல்லீரல் தானத்துக்கு ஏற்றதாக இல்லை" என்று மட்டும்தான் தெரிவிப்பார்கள். காரணம் உங்களுக்கும் டாக்டருக்கும் நடுவில் நின்றுவிடும். வீட்டில் உங்கள் மேல் பழி விழாது.

இன்னொன்று. அப்பா என்ன சொல்கிறார் என்று கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. அவர் தெளிவாக இருக்கும் ஒரு பகல் பொழுதில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மகள் கொடுத்துத் தான் பிழைப்பது அவருக்குச் சம்மதமா என்பது அவர் சொல்ல வேண்டிய பதில்.

மின்ட் பக்கத்து ஆள்

அந்த ஆளிடம் இனி ஒரு போன் கூடப் பேச வேண்டாம். உறுப்பை விலைக்கு வாங்குவதும் விற்பதும் ஏற்பாடு செய்வதும் குற்றம். ஐந்து முதல் பத்து ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். போலி உறவுச் சான்றிதழில் முதலில் மாட்டுவது கையெழுத்துப் போட்ட உங்கள் குடும்பம்தான்.

சட்டத்தை விடுங்கள், நம் பக்கத்தில் நடந்ததையே நினைத்துப் பாருங்கள். சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர் குடியிருப்பில் மீனவப் பெண்கள் வறுமைக்குச் சிறுநீரகம் விற்றது 2007-ல் வெளியே வந்தது. சொன்ன பணம் முழுதாகக் கிடைக்காமல், உடம்பும் தேறாமல் கஷ்டப்பட்டவர்கள் அவர்கள். 2025-ல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகத்தைத் தரகர்கள் விலை பேசியது செய்தியானது. 12 லட்சத்தில் அந்த 'ஆளு'க்கு எவ்வளவு போகும் என்று நினைக்கிறீர்கள்? அவருக்கும் ஒரு வீடு, ஒரு குழந்தை இருக்கும். காசிமேட்டில் உழைத்துப் பிழைத்த உங்கள் அப்பாவே இதை ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

காத்திருப்பதும் செலவும்

மூளைச்சாவு அடைந்தவரின் கல்லீரலுக்குக் கட்டாயம் பதிவு செய்யுங்கள். தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியலில், சிகிச்சை பெறும் மருத்துவமனை வழியாகப் பதிய வேண்டும். உறவினர் கொடுக்க முன்வந்திருந்தாலும் பதிவு இருக்கலாம், ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. 2024-ல் நம் மாநிலத்தில் 268 குடும்பங்கள் மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளைக் கொடுத்தன, அதுவரை இல்லாத அளவு அது. அப்படியும் காத்திருப்போர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் குறைவுதான். மெல்டு 21, வயிற்றில் நீர், ஒருமுறை மனக்குழப்பம்: இந்த நிலையில் வருடக்கணக்காகக் காத்திருக்க முடியாது. முடிவெடுக்கச் சில வாரங்கள் இருக்கின்றன. ஒரே நாளில் முடிவெடுக்க வேண்டிய அவசரம் இல்லை.

வீட்டை விற்கும் பேச்சை நிறுத்தி வையுங்கள். தனியார் மருத்துவமனையில் 20 முதல் 30 லட்சம் வரை ஆகலாம். அதற்கு முன் உங்கள் வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் குடல், கல்லீரல் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அங்கே கல்லீரல் மாற்று சிகிச்சை நடந்திருக்கிறது. சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் நடந்திருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உறுப்பு மாற்று சிகிச்சைக்கு இடமுண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்; ரேஷன் அட்டையும் வருமானச் சான்றிதழும் தேவை. திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனையானாலும், கொடுப்பவரின் பரிசோதனைச் செலவும் ஆபரேஷன் செலவும் அதில் அடங்குமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆபரேஷனோடு செலவு முடியாது. எதிர்ப்புச் சக்தியைக் கட்டுப்படுத்தும் டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகளை அப்பா ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் பத்தில் எட்டு ஒன்பது பேர் முதல் வருடத்தைத் தாண்டி நன்றாக இருக்கிறார்கள், அதற்குக் காரணம் இந்த மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிடுவதும்தான்.

தட்டும் டம்ளரும்

தனித் தட்டு வேண்டாம், இன்றே எடுத்துவிடுங்கள். ஹெபடைடிஸ் பி சாப்பாட்டிலோ எச்சில் தட்டிலோ தொட்டுப் பேசுவதிலோ பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு, இவைதான் வழிகள். ஷேவிங் பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி மட்டும் தனியாக இருந்தால் போதும். குடிக்காத மனிதரை "குடிச்சுக் கெட்டவர்" என்று தெருவில் பேசுவது ஒரு வேதனை, சொந்த வீட்டிலேயே தட்டு ஒதுக்கப்படுவது அதைவிடப் பெரிய வேதனை.

உணவிலும் ஒரு திருத்தம். முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்திக் கஞ்சி மட்டும் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இது பழைய கருத்து. கல்லீரல் சுருங்கியவருக்குத் தசை கரைந்துகொண்டே போகும், புரதம் கட்டாயம் வேண்டும். புது மீனில் குழம்பு வையுங்கள், அவித்த முட்டை கொடுங்கள், படுக்கும் முன் பாலும் இரண்டு பிஸ்கட்டும் கொடுங்கள். நிறுத்த வேண்டியது உப்பு. கருவாடு, ஊறுகாய், அப்பளம் அறவே கூடாது. கீழாநெல்லி பற்றிக் கேட்டீர்கள். 1988-ல் சென்னை ஆய்வாளர்களே அதை ஹெபடைடிஸ் பிக்குச் சோதித்து நம்பிக்கையான முடிவுகளை வெளியிட்டார்கள். பிறகு நடந்த சோதனைகளில் அது நிலைக்கவில்லை. சுருங்கிப்போன கல்லீரலுக்கு அது மருந்தாகாது. கடையில் பொட்டலமாக விற்கும் லேகியங்களில் என்ன கலந்திருக்கிறது என்பதும் தெரியாது. வேண்டாம்.

கடைசியாக ஒன்று, கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவுக்கும் முன்னால் செய்ய வேண்டியது. நீங்கள், அம்மா, அண்ணன், தம்பி, எண்ணூர் அத்தை, ஐந்து பேரும் இந்த வாரமே ஹெபடைடிஸ் பி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அப்பாவுக்குப் பிறப்பிலேயே வந்திருந்தால் அத்தைக்கும் இருக்கக்கூடும். அம்மாவுக்குத் தொற்றியிருந்தால் பிரசவத்தில் உங்களில் யாருக்கும் வந்திருக்கலாம். நீங்கள் பிறந்த காலத்தில் இந்தத் தடுப்பூசி அரசு அட்டவணையில் இல்லை. உங்கள் மகளுக்குப் போட்டிருப்பார்கள், அட்டையை எடுத்துப் பாருங்கள். கிருமி இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும், மூன்று தவணை. இருந்தால் மருந்து உண்டு. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. அப்பா சாப்பிடும் டெனோஃபோவிர் மாத்திரையை ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் ஒரு நாள் கூட விடக்கூடாது. விட்டால் புதிதாக வைத்த கல்லீரலையும் அந்தக் கிருமி பிடித்துக்கொள்ளும். ரிசல்ட் வந்ததும், ஐந்து பேருடையதையும், தம்பி என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.